நான்கு அங்குல உயரம்



புதிதாக ஓர் இயந்திரத்தை ஆக்குவது அரிய செயல் என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்வர். ஆக்கி முடித்த இயந்திரத்தில் ஒரேயொரு மாறுதலைச் செய்வது எளிய செயல் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில், முன்னதற்கு வேண்டிய அறிவு பின்னதற்கும் வேண்டும். இதனை விளக்குவதற்கு இன்று ஒரு வண்டியை எடுத்துக்கொள்கிறேன்.

பாறையும் பள்ளமும் நிறைந்த இடங்களில் செல்லுவதற்கென்று நான்கு சக்கரங்களும் இயங்குமாறு அமைத்த வண்டி அது. அதன் உரிமையாளர் பழைய வில்களைக் கழற்றிவிட்டு, நீண்ட வில்களைப் பூட்டி, வண்டியை நான்கு அங்குலம் உயர்த்துகிறார். பெரிய டயர்களையும் மாட்டுகிறார். வண்டி கம்பீரமாக நிற்கிறது. ஆனால் மறுநாள் சாலையில் ஓட்டும்போது அது நேராகச் செல்லாமல் அலைகிறது. ஒரு குறித்த வேகத்தில் அதிர்கிறது. ஸ்டியரிங் சக்கரம் கோணலாக நிற்கிறது. பிரேக்கு முன்போலப் பிடிப்பதில்லை. உயர்த்தியது ஒன்று, கெட்டவை பல. இஃது ஏன் என்பதே நம் கேள்வி.

இவ்வாறு வண்டியை உயர்த்தும் பழக்கம் பெரிதும் வளர்ந்த நாடு அமெரிக்கா. இரண்டாம் உலகப் போரில் படைகளுக்காகப் பிறந்த ஜீப் வண்டி, போர் முடிந்தபின் உழவர்களிடமும் வேட்டைக்காரர்களிடமும் மலையேறும் ஆர்வலர்களிடமும் சென்று சேர்ந்தது. கலிபோர்னியா மாநிலத்தில், சியரா நெவாடா மலைத்தொடரில், ரூபிகான் தடம் என்று ஒன்று உண்டு. அதனைச் சாலை என்று சொல்வது மிகை. ஆளுயரப் பாறைகளின் மேல் சக்கரத்தை ஏற்றி இறக்கிச் செல்லும் வழி அது. அங்கே 1953 முதல் ஜீப் வண்டிகள் அணிவகுத்துச் செல்லும் விழா நடைபெற்று வருகிறது. யூட்டா மாநிலத்து மோஆப் நகரில் 1967 முதல் ஈஸ்டர் காலத்தில் இத்தகைய பயணம் நடக்கிறது. இவ்விடங்களில் ஓட்டுவோருக்குத் தரைக்கும் வண்டிக்கும் இடையே உயரம் வேண்டும். ஆகவே, வண்டியை உயர்த்தும் விருப்பத்தைக் குறைகூறுவதற்கில்லை. அவ்விருப்பத்திற்கு நியாயமான காரணம் உண்டு.

ஆயினும் இங்கேயே ஒரு மயக்கம் நேர்கிறது. வில்லை நீட்டினால் உயர்வது வண்டியின் உடல் மட்டுமே. இரு சக்கரங்களையும் இணைக்கும் இரும்பு அச்சு, அதன் நடுவே பற்சக்கரங்களைக் கொண்டு பருத்து நிற்கும் டிஃபரன்ஷியல் கூடு, இவை இருந்த இடத்திலேயே இருக்கின்றன. பாறையில் முதலில் இடிபடுவது அக்கூடுதான். அதனை உயர்த்தும் ஆற்றல் வில்லுக்கு இல்லை, டயருக்கே உண்டு. டயரின் விட்டம் நான்கு அங்குலம் கூடினால், அச்சு அதில் பாதியாகிய இரண்டு அங்குலம் உயரும். வில்லை உயர்த்துவதன் பயன், பெரிய டயர் உராயாமல் சுழல இடம் கொடுப்பதும், வண்டியின் முகமும் வயிறும் வாலும் மேட்டில் இடியாமல் காப்பதுமே ஆகும். தாம் எதனைப் பெறுகிறோம் என்பதைச் சரியாக அறியாமல் விலை கொடுப்போர் பலர்.

இனி அந்த விலை எது என்று பார்ப்போம். வண்டியின் உடல் வில்லின் மேல் அமர்ந்திருக்கிறது. ஆனால் வில் சுமையைத் தாங்குமேயன்றி, அச்சை அதன் இடத்தில் நிறுத்தாது. சுருள்வில்லுக்கு அந்த வலிமை இல்லை. அச்சு முன்னும் பின்னும் நகராதிருக்க நீண்ட கரங்கள் அதனை உடலோடு பிணைக்கின்றன. இடமும் வலமும் நகராதிருக்க ஒரு குறுக்குத் தண்டு பிணைக்கிறது. பிரெஞ்சு நாட்டு மோட்டார்த் தொழிலின் முன்னோடிகளுள் ஒன்றான பானார்ட் நிறுவனத்தின் பெயரால் அதனைப் பானார்ட் தண்டு என்பர். ஸ்டியரிங்கிலிருந்து ஒரு தண்டு, எஞ்சினின் ஆற்றலைக் கொண்டுவரும் ஒரு சுழல்தண்டு, பிரேக்குக் குழாய்கள், மின்கம்பிகள், இவை யாவும் உடலுக்கும் அச்சுக்கும் இடையே பாலங்களாக நிற்கின்றன. இரு கரைகளுக்கும் இடையே உள்ள தொலைவை மாற்றினால், எல்லாப் பாலங்களும் அதனை உணரும் அன்றோ?

முதலில் பானார்ட் தண்டைக் காண்போம். அதன் ஒரு முனை வண்டியின் சட்டத்திலும், மறுமுனை அச்சிலும் பூட்டப்பட்டிருக்கும். அதன் நீளம் 30 அங்குலம் என்றும், அது கிடைமட்டமாக இருக்கிறது என்றும் கொள்வோம். வண்டியை நான்கு அங்குலம் உயர்த்தினால் அச்சு முனை நான்கு அங்குலம் தாழ்ந்து, தண்டு சாய்கிறது. நீங்கள் பள்ளியில் கற்ற செங்கோண முக்கோணத் தேற்றத்தை இங்கே பயன்படுத்துங்கள். 30-இன் வர்க்கம் 900, நான்கின் வர்க்கம் 16, கழித்தால் 884, அதன் வர்க்க மூலம் ஏறத்தாழ 29.73. அதாவது அச்சு முழுவதும் கால் அங்குலத்திற்குச் சற்று மிகுதியாக ஒருபக்கம் இழுக்கப்படுகிறது. இது சிறிது எனலாம். மேலும் நான்கு அங்குலம் உயர்த்தினால்? 900-இலிருந்து 64-ஐக் கழிக்க 836. அதன் மூலம் ஏறத்தாழ 28.91. இரண்டாவது நான்கு அங்குலத்திற்கு அச்சு முக்கால் அங்குலத்திற்கும் மேலாக நகர்ந்துவிடுகிறது. முதல் நான்கிற்கு ஏற்பட்ட நகர்ச்சியைப் போல் இது மூன்று மடங்கு. உயரம் சீராகக் கூடினாலும் தொல்லை சீராகக் கூடுவதில்லை என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

ஸ்டியரிங் தண்டும் இவ்வாறே சாய்கிறது. அதனால்தான் ஸ்டியரிங் சக்கரம் கோணலாகிறது. இவ்விரு தண்டுகளும் ஒன்றுக்கொன்று இணையாகவும் ஏறத்தாழச் சம நீளமாகவும் இருக்குமாறு பொறியாளர் அமைத்திருப்பார். அப்போது சக்கரம் மேட்டில் ஏறி இறங்கினாலும் இரண்டும் ஒரே வளைவில் அசையும். வண்டி திசை மாறாது. ஒரு தண்டை மட்டும் புதிய பிடிப்பால் நேராக்கிவிட்டு மற்றதை விட்டுவிட்டால், ஒவ்வொரு குழியிலும் வண்டி தானே திரும்பும். ஒரு குறையை நீக்கப் போய் வேறொரு குறையை விலைக்கு வாங்குவதென்பது இதுதான்.

அடுத்து, வண்டி அலைவதன் காரணத்தைப் பார்ப்போம். உங்கள் சைக்கிளைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். முன் கவை செங்குத்தாக இராமல் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். அதன் தலைக்குழாயின் கோட்டைத் தரைவரை நீட்டினால், அது டயர் தரையைத் தொடும் இடத்திற்குச் சற்று முன்னே சென்று தொடும். ஆகவே சக்கரம் எப்போதும் அந்தக் கோட்டின் பின்னால் இழுபட்டுச் செல்கிறது. சைக்கிள் ஓடும்போது முன்சக்கரம் தானே நேராக நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். மோட்டார் வண்டியின் முன்சக்கரத்திற்கும் இத்தகைய பின்சாய்வு உண்டு. தொழிலாளர் அதனைக் காஸ்ட்டர் என்பர். வண்டியை உயர்த்தும்போது அச்சைப் பிடித்துள்ள கரங்கள் கீழ்நோக்கிச் சாய்கின்றன. அச்சு சற்றே உருளுகிறது. காஸ்ட்டர் சில பாகைகள் குறைந்துவிடுகிறது. சக்கரத்திற்கு நேராக நிற்கும் இயல்பு குறைய, ஓட்டுநர் இடையறாது ஸ்டியரிங்கைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியதாகிறது.

மூன்றாவது, அதிர்வு. எஞ்சினின் ஆற்றலை அச்சுக்குக் கொண்டுசெல்லும் சுழல்தண்டின் இரு முனைகளிலும் சிலுவை வடிவான மூட்டுகள் உண்டு. 16-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இத்தாலிய அறிஞர் கார்டானோவின் பெயராலும், 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆங்கில அறிஞர் ராபர்ட் ஹூக்கின் பெயராலும் அம்மூட்டு வழங்குகிறது. வில்லின் நீட்சி பற்றி நீங்கள் படிக்கும் ஹூக் விதியை 1678-இல் வெளியிட்டவரும் அவரே. வண்டியின் வில்லிலும் அவர் இருக்கிறார். மூட்டிலும் அவர் இருக்கிறார். வில்லை மாற்றியவர் மூட்டை மறந்தால் அவர் சும்மா இருப்பாரா?

அம்மூட்டுக்கு ஓர் இயல்பு உண்டு. வளைந்த நிலையில் சுழலும்போது, ஒருபக்கம் சீராகச் சுழன்றாலும் மறுபக்கம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்தும் இருமுறை தளர்ந்தும் சுழலும். வளைவு 10 பாகையாயின் அதன் கோசைன் 0.985, வேகம் நூற்றுக்கு ஒன்றரை பங்கு கூடியும் குறைந்தும் வரும். வளைவு 20 பாகையாயின் கோசைன் 0.94, ஏற்றத் தாழ்வு நூற்றுக்கு ஆறு பங்காகிறது. கோணம் இரட்டித்தால் தொல்லை நான்கு மடங்காகிறது. தண்டின் இரு முனைகளிலும் கோணங்கள் சமமாயின், ஒரு மூட்டு செய்த குறையை மற்றது ஈடுசெய்துவிடும். வண்டியை உயர்த்தி அச்சும் உருண்டுவிட்டால் கோணங்கள் மிகுவதோடு சமனும் கெடும். பின் தண்டு குறுகியதாக உள்ள ஜீப் வண்டிகளில் இது மிக விரைவில் தெரியவரும்.

இங்கேதான் பொறியாளரையே திகைக்க வைக்கும் ஒரு சிக்கல் உள்ளது. முன் அச்சில், சுழல்தண்டு வந்து சேரும் மூக்கும், சக்கரங்கள் திரும்பும் முனைகளும் ஒரே உறுதியான பிண்டமாக இணைந்துள்ளன. காஸ்ட்டரைச் சரிசெய்ய அச்சை ஒருபக்கம் உருட்டினால், மூக்கு கீழே தாழ்ந்து சுழல்தண்டின் கோணம் கெடுகிறது, அதிர்வு பிறக்கிறது. அதிர்வை நீக்க மூக்கை மேலே தூக்கினால், காஸ்ட்டர் குறைந்து வண்டி அலைகிறது. ஒன்றைத் தந்தால்தான் ஒன்றைப் பெறலாம். இரண்டையும் பெற வேண்டுமாயின், அச்சின் முனைகளை வெட்டித் திருப்பிப் பற்றவைக்க வேண்டும். அல்லது இரட்டை மூட்டுகள் கொண்ட வேறு சுழல்தண்டைப் பொருத்த வேண்டும். இரண்டும் செலவும் திறமையும் வேண்டுவன. இல்லையேல் குறைந்த உயரத்தோடு மனநிறைவு கொள்ள வேண்டும். அனுபவம் மிக்க பலர் இந்த மூன்றாவது வழியையே தேர்ந்தெடுக்கின்றனர்.

நண்பர்களே, மருத்துவமனைத் தள்ளுவண்டியின் சிறு சக்கரம் சில வேளைகளில் இடமும் வலமும் படபடவென்று துடிப்பதைக் கண்டிருப்பீர்கள். கெட்டியான முன் அச்சு உள்ள வண்டிகளில், மணிக்கு 70 அல்லது 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு குழியில் விழுந்தவுடன், இதே துடிப்பு பேருருவம் எடுத்து வருவதுண்டு. ஸ்டியரிங் கையில் நில்லாமல் ஆடும். வேகத்தைக் குறைத்தாலன்றி அடங்காது. இதனை அமெரிக்க ஓட்டுநர்கள் மரண நடுக்கம் என்றே பெயரிட்டு அழைக்கின்றனர். உயர்த்தாத வண்டியிலும் இது நேரலாம். தேய்ந்த பந்து மூட்டுகள், தளர்ந்த ரப்பர் புஷ்கள், பானார்ட் தண்டின் துளையில் ஆடும் போல்ட்டு, சமன் செய்யாத டயர் ஆகியவை இதற்குக் காரணங்கள். உயர்த்திய வண்டியில் இவற்றின்மீது சுமை கூடுகிறது; முன்பு மறைந்திருந்த தளர்ச்சி வெளிப்பட்டுவிடுகிறது.

இதற்குப் பலர் செய்யும் பரிகாரம் யாது? ஸ்டியரிங்கில் துடிப்பை அடக்கும் தணிப்பான் ஒன்றைப் புதிதாகப் பூட்டுகின்றனர். நடுக்கம் சில காலம் அடங்குகிறது. ஆனால் தளர்ந்த போல்ட்டு தளர்ந்தவாறே இருக்கிறது; துளை மேலும் அகன்றுகொண்டே போகிறது. காய்ச்சலுக்குக் காரணம் அறியாமல் உடம்பின் சூட்டை மட்டும் தணிப்பது போன்றது இது. நோய் வளர்கிறது, நோயை அறிவிக்கும் குரலை மட்டும் நாம் அடைத்துவிடுகிறோம்.

பிரேக்கின் நிலை இன்னும் கவலைக்குரியது. உடலிலிருந்து அச்சுக்கு வரும் பிரேக்குக் குழாய் பழைய தொலைவுக்கென்று அளந்து அமைத்தது. சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது அது முறுக்கேறி அறுந்துவிடக்கூடும். சில சரக்கு வண்டிகளில், உடலுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள தொலைவைக்கொண்டு சுமையை உணர்ந்து, பின்சக்கர பிரேக்கின் அழுத்தத்தை மாற்றும் கருவி உண்டு. வண்டியை உயர்த்திவிட்டால், சுமை ஏற்றியிருந்தும் வண்டி வெறுமையாக இருப்பதாக அக்கருவி கருதி, பிரேக்கைக் குறைத்துவிடும். 29 அங்குல டயரை நீக்கி 33 அங்குல டயரை மாட்டினால், மிதியில் அதே அழுத்தத்திற்குத் தரையில் கிடைக்கும் தடை நூற்றுக்கு எண்பத்தெட்டாகக் குறைகிறது. வேகமானியும் ஏமாற்றுகிறது, அது 60 என்று காட்டும்போது வண்டி 68-இல் ஓடுகிறது. வேகம் கூட, தடை குறைய, ஓட்டுநர் அதனை அறியாதிருக்கிறார்.

இக்காலத்து வண்டிகளில் கணிப்பொறியும் சேர்ந்துகொள்கிறது. வண்டி வழுக்கினால் தானே பிரேக்கைப் பிடித்து நேராக்கும் மின்னணுக் காப்பு, அமெரிக்காவில் 2012-ஆம் ஆண்டு மாதிரி முதல் எல்லா இலகு வண்டிகளிலும் கட்டாயமாயிற்று. ஸ்டியரிங்கின் திருப்பத்தை அளந்தே அது முடிவு செய்கிறது. உயர்த்தியபின் ஸ்டியரிங் கோணலாக இருந்தால், நேராகச் செல்லும் வண்டியை அது திரும்புகின்ற வண்டி என்று தவறாகக் கருதி, வேண்டாத நேரத்தில் தலையிடுகிறது. வண்டியில் மனிதன் மாற்றிய உண்மையை அக்கருவிக்கு எவரும் சொல்லவில்லை.

எல்லாவற்றினும் பெரியது கவிழும் அபாயம். இடச் சக்கரத்திற்கும் வலச் சக்கரத்திற்கும் இடையே உள்ள அகலத்தை, புவியீர்ப்பு மையத்தின் உயரத்தைப் போல் இரு மடங்கால் வகுங்கள். கிடைக்கும் எண் எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்கு வண்டி நிலையானது. அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2001-இல் வண்டிகளின் கவிழும் தன்மையைத் தரப்படுத்தத் தொடங்கியபோது இவ்வெண்ணையே அடிப்படையாகக் கொண்டது. அகலம் 60 அங்குலம், மையத்தின் உயரம் 28 அங்குலம் என்றால் விடை 1.07. மையம் மூன்று அங்குலம் உயர்ந்து 31 ஆனால் விடை 0.97. இவ்வெண் ஒன்றுக்குக் கீழே போனால், வண்டியின் எடையை விடக் குறைந்த பக்க விசையே அதனைக் கவிழ்க்கப் போதும். பாறைத் தடத்தில் மெல்ல ஊரும்போது இது தெரியாமல் போகலாம். நெடுஞ்சாலையில், குறுக்கே வந்த ஒருவரைக் காக்க ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பும் அந்த ஒரு கணத்தில்தான் இது தெரியவரும்.

அன்றியும், சாலை உயர்த்தியவருக்கு மட்டும் உரியதன்று. உயர்ந்த வண்டியின் முன்தாங்கி, சிறிய காரின் தாங்கிக்கு மேலே சென்று, மனிதர் அமரும் இடத்தில் மோதும். அதன் மூக்குக்கு முன்னே நிற்கும் குழந்தை ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியாது. முன்பக்கத்தை உயர்த்திப் பின்பக்கத்தைத் தாழ்த்தும் ஒரு நாகரிகம் அமெரிக்காவில் பரவியபோது, ஓட்டுநருக்குச் சாலையைவிட வானமே மிகுதியாகத் தெரியத் தொடங்கிற்று. வட கரோலினா மாநிலம் 2021 டிசம்பர் முதல் அதனைத் தடுத்தது. முன்பக்கத்துச் சக்கரக் காப்பு பின்பக்கத்தினும் நான்கு அங்குலமோ அதற்கு மேலோ உயர்ந்திருத்தல் அங்கே குற்றம். நம் நாட்டில் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு வண்டி மாற்றங்களுக்கு வரம்பு விதிக்கிறது. வண்டியை ஆக்கியோர் குறித்த அடிப்படை அமைப்புக்கு மாறாக அதனை மாற்றலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. ஆகவே அமெரிக்கத் தடங்களின் படங்களைக் கண்டு ஆசைப்படும் இளைஞர்கள் இதனை மனத்திற்கொள்ள வேண்டும்.

உயர்த்திய வண்டியில் குறை கண்டால், நல்ல தொழிலாளர் எவ்வாறு அதனை ஆராய்கிறார்? உடனே பொருள்களை வாங்கிக் குவிப்பதில்லை. முதலில் கேட்கிறார். அதிர்வு எஞ்சினின் வேகத்தோடு கூடுகிறதா, வண்டியின் வேகத்தோடு கூடுகிறதா? வண்டியின் வேகத்தோடு என்றால், முன் சுழல்தண்டைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டிப் பார்க்கிறார். அதிர்வு மறைந்தால் காரணம் அகப்பட்டது. மறையாவிட்டால் பின் தண்டையோ டயரையோ நாடுகிறார். ஒருவரை ஸ்டியரிங்கை மெல்ல ஆட்டச் செய்து, தாம் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டையும் கையால் தொட்டுப் பார்க்கிறார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுகிறார். இரண்டை ஒருங்கே மாற்றினால், எது குணப்படுத்தியது என்பது தெரியாமற்போகும் அன்றோ?

அவர் அறிந்த நுட்பம் மற்றொன்றும் உண்டு. கரங்களின் முனையில் உள்ள ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளை, வண்டி ஜாக்கியின் மேல் தொங்கும்போது அவர் முடுக்குவதில்லை. அவ்வாறு முடுக்கினால், வண்டியைத் தரையில் இறக்கியதும் ரப்பர் முறுகிய நிலையிலேயே நின்று, விரைவில் கிழிந்துபோகும். சக்கரங்கள் தரையில் ஊன்றி, வண்டியின் எடை முழுவதும் அமர்ந்தபின்பே இறுதியாக முடுக்குவார். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடியும் முடுக்கிப் பார்ப்பார். விலையில்லாத இந்தப் பொறுமையினால் தவிர்க்கப்படும் தொல்லைகள் பல.

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது நம் முன்னோர் மொழி. சிறிய உறுப்பு பெரிய தேரைத் தாங்குகிறது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். மாணவர்களாகிய நீங்கள் நாளை பொறியாளர்களாகலாம், ஆட்சி செய்வோராகலாம், ஒரு பள்ளியையோ சங்கத்தையோ நடத்துவோராகலாம். இருப்பதை மாற்ற வேண்டிய பொறுப்பு உங்களுக்கு வந்தே தீரும். மாற்றுவதற்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் கை வைப்பதற்கு முன், அந்த உறுப்போடு எவையெவை பிணைந்துள்ளன என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் என்ன நேரும் என்று கணக்கிடுங்கள். கணக்கிட முடியாததைச் சிறிதளவில் சோதித்துப் பாருங்கள். அதன் விளைவு யார்மீது விழும் என்பதையும் எழுதுங்கள். அவர் நீங்களாக இல்லாமலும் இருக்கலாம். அத்தாளை எழுதி முடித்தபின்னும் மாறுதல் வேண்டும் என்று தோன்றினால், துணிந்து செய்யுங்கள்.